தாமதத்தின் கணக்கு

1941-இல் பாரிஸ் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. அந்த ஆண்டு சோர்போனில் ஜாக் மோனோ அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு வரைகோடு இடம்பெற்றது. இரண்டு சர்க்கரைகள் கலந்த ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்து, அதன் பெருக்கத்தை மணிக்கணக்கில் அளந்து வரைந்த கோடு அது. சில சர்க்கரை ஜோடிகளில் கோடு ஒரே மூச்சில் மேலேறியது. குளுக்கோஸோடு லாக்டோஸ் போன்ற சர்க்கரையைச் சேர்த்தபோது அப்படி நடக்கவில்லை. கோடு ஏறியது, சிறிது நேரம் படுத்துக் கிடந்தது, மறுபடி ஏறியது. பாக்டீரியா குளுக்கோஸை மட்டும் தின்று தீர்த்திருக்கிறது; பிறகு, லாக்டோஸ் சுற்றிலும் கரைந்து கிடக்கும்போதே பெருகுவதை நிறுத்தியிருக்கிறது; அதன் பின்புதான் லாக்டோஸில் வாய்வைத்திருக்கிறது. டயாக்ஸி என்று மோனோ பெயரிட்ட இந்த நிகழ்வில் விளக்கம் தேடவேண்டிய இடம் அந்த இடைவெளிதான். உணவு இருக்கும்போது ஓர் உயிர் ஏன் காத்திருக்க வேண்டும்?

எஷரிக்கியா கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியாவின் நீளம் சுமார் இரண்டு மைக்ரோமீட்டர். அதன் டிஎன்ஏவில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள், சுமார் 4,300 மரபணுக்கள். இவை எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. எந்த மரபணு எப்போது, எவ்வளவு வெளிப்படும் என்ற கேள்விக்குப் பாடநூல் தரும் விடை எளியது: லாக்டோஸ் இருந்தால் அதற்குரிய மரபணுக்கள் திறக்கும், இல்லாவிட்டால் மூடும். இந்த விடையில் பிழையில்லை. ஆனால் சூழல் சொன்னபடி ஆடும் பொம்மையாக பாக்டீரியாவைக் காட்டிவிடுகிறது. கடந்த எண்பது ஆண்டுச் சோதனைகளை வரிசையாக வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பாக்டீரியாவுக்குச் சூழல் நேரடியாகத் தெரிவதே இல்லை. அதற்கு எட்டுபவை ஒரு சில மூலக்கூறு அறிகுறிகள் மட்டும். அந்த அறிகுறிகளுக்கு என்ன பொருள், அவற்றை எவ்வளவு நம்பலாம், நம்பினால் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதெல்லாம் அதன் முன்னோர் வாழ்ந்து கழித்த சூழல்களால் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: மரபணு வெளிப்பாட்டின் ஒழுங்குமுறை, பரம்பரையாக எழுதப்பட்டு வந்த ஒரு கணக்கு. இன்றைய சூழல் அந்தக் கணக்கில் ஓர் எண்ணை நிரப்புகிறது. கணக்கை எழுதுவது அதுவல்ல.

மோனோ வேலையைத் தொடங்கிய காலத்தில் அறிவியலாளர்கள் பலர் இதற்கு நேர்மாறாக நினைத்தார்கள். லாக்டோஸ் செல்லுக்குள் போய், ஏற்கெனவே அங்கிருக்கும் ஏதோ ஒரு பொதுப் புரதத்தைத் தன் வடிவத்துக்கு ஏற்ப வளைத்து நொதியாக்குகிறது என்பது அன்றைய நம்பிக்கை. அதாவது நொதியைச் செய்வதே சூழல்தான். இந்த நம்பிக்கையை உடைத்தவை மோனோவும் மெல்வின் கோனும் 1950-களில் செய்த எளிய சோதனைகள். லாக்டோஸை ஒத்த பல செயற்கைச் சேர்மங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சில சேர்மங்களை நொதியால் உடைக்கவே முடியாது. ஆனாலும் அவை நொதி உற்பத்தியைப் பெருமளவில் தூண்டின. வேறு சிலவற்றை நொதி நன்றாக உடைத்தது. அவை உற்பத்தியைத் துளியும் தூண்டவில்லை. அச்சில் பொருந்தாத பொருள் எப்படி அச்சை வார்த்திருக்க முடியும்? கதிரியக்கக் கந்தகத்தால் அடையாளமிட்டுப் பார்த்தபோது, தூண்டலுக்குப் பின் தோன்றும் நொதி பழைய புரதத்தை வளைத்ததல்ல, புதிதாகக் கட்டப்பட்டது என்பதும் உறுதியானது. செய்முறை செல்லுக்குள் முன்பே இருந்தது. வெளியிலிருந்து வந்தது ஒரு சைகை.

அந்தச் சைகை எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டிய சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆர்தர் பார்டீ, பிரான்சுவா ஜாக்கோப், மோனோ மூவரும் பாஸ்டர் நிறுவனத்தில் செய்து 1959-இல் விரிவாக வெளியிட்டது அது. லாக்டோஸை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதிக்கான மரபணுவும், அதைக் கட்டுப்படுத்தும் மரபணுவும் இரண்டும் கெட்டுப்போன பாக்டீரியாவை ஒருபுறம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் நல்ல நிலையிலுள்ள பாக்டீரியா மறுபுறம். பாக்டீரியாக்கள் இணைந்து டிஎன்ஏவைக் கைமாற்றும். ஆனால் செல்லின் உட்சாறு கைமாறாது. நல்ல மரபணுக்கள் குறைபட்ட செல்லுக்குள் நுழைந்த சில நிமிடங்களில், தூண்டி எதுவும் இல்லாமலேயே, நொதி உருவாகத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபின் உற்பத்தி தளர்ந்து நின்றது. அப்போது தூண்டியைச் சேர்த்தால் மறுபடி தொடங்கியது. சோதனையைத் திருப்பிப்போட்டு, கெட்ட மரபணுக்களை நல்ல செல்லுக்குள் அனுப்பியபோது தூண்டியில்லாமல் எதுவும் நடக்கவில்லை. முதல் சோதனையில் நுழைந்த கட்டுப்பாட்டு மரபணு ஏதோ ஒரு பொருளைச் செய்கிறது, அது சேரச் சேர உற்பத்தி அடங்குகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் பொருந்தாது. ஆக, இயல்பு நிலை உற்பத்திதான். அதைத் தடுத்து வைத்திருப்பது ஓர் அடக்கி. லாக்டோஸ் உற்பத்தியைத் தொடங்கிவைப்பதில்லை, தடையை விலக்குகிறது. 1961-இல் ஜாக்கோபும் மோனோவும் இதை ஓபரான், அதாவது ஒரே கட்டுப்பாட்டில் சேர்ந்து திறந்து மூடும் மரபணுத் தொகுதி, என்ற கோட்பாடாக வளர்த்தார்கள். 1965-இல் ஆந்த்ரே ல்வோஃபுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள். அடக்கி ஒரு புரதம் என்பதை 1966-இல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஒரு செல்லில் அது இருப்பது பத்து, இருபது பிரதிகள்தான்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கடந்துபோய்விடக் கூடாது. அடக்கிப் புரதத்தில் போய் ஒட்டி அதை டிஎன்ஏவிலிருந்து விலக்குவது லாக்டோஸ் அல்ல. அலோலாக்டோஸ் என்னும் அதன் மாற்று வடிவம். அந்த மாற்றத்தைச் செய்வது பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியே. லாக்டோஸைச் செல்லுக்குள் கொண்டுவருவதற்கும் பெர்மியேஸ் என்ற புரதம் வேண்டும். அதற்கான மரபணுவும் இதே ஓபரானில்தான் இருக்கிறது. எனவே மூடிய கதவு முழுக்க மூடியிருந்தால் லாக்டோஸ் வந்ததே செல்லுக்குத் தெரியாமல் போகும். தடை இருக்கும்போதும் ஓரிரு மூலக்கூறுகள் கசிந்துகொண்டே இருப்பது அமைப்பின் குறை அன்று. வெளியே என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்க்க அது தரும் விலை. ஆய்வகங்களில் இன்று அன்றாடம் பயன்படும் ஐபிடிஜி என்ற செயற்கைச் சேர்மம் அடக்கியை விலக்கும், ஆனால் உணவாகாது. அதைக் கொடுத்தால் பாக்டீரியா, அங்கே இல்லாத லாக்டோஸுக்காக முழுமூச்சாக நொதி செய்யும். ஏமாற்ற முடிகிற ஓர் அமைப்பு பொருளைப் பார்ப்பதில்லை, பொருளின் அடையாளத்தைப் படிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதற்கு இத்தனை ஏற்பாடு, நொதியை எப்போதும் செய்து வைத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். விடையை 2005-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரெஸ் டெக்கலும் யூரி அலோனும் அளந்து காட்டினார்கள். லாக்டோஸ் இல்லாத ஊடகத்தில் ஐபிடிஜி கொண்டு ஓபரானை முழுமையாகத் திறந்துவிட்டபோது பாக்டீரியாவின் வளர்ச்சி வேகம் 4 முதல் 5 சதவீதம் குறைந்தது. அற்பமாகத் தோன்றும் எண் இது. ஆனால் 5 சதவீதம் என்று கொண்டால், போட்டி செல் 20 தலைமுறை பெருகும் நேரத்தில் வீண்செலவு செய்யும் செல் 19 தலைமுறைதான் பெருகும். அதற்குள் போட்டி செல்லோடு ஒப்பிட்டால் அதன் எண்ணிக்கை பாதியாகிவிடும். 100 தலைமுறையில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. ஊடகத்தில் இதற்கு ஒரு சில நாள்களே போதும். செலவையும் பயனையும் தனித்தனியே அளந்து, எந்த அளவு லாக்டோஸுக்கு எந்த அளவு நொதி உகந்தது என்று அவர்கள் முன்கூட்டியே கணித்தார்கள். பிறகு வெவ்வேறு லாக்டோஸ் அளவுகளில் பாக்டீரியாவை நூற்றுக்கணக்கான தலைமுறைகள் வளர்த்தார்கள். நொதியின் அளவு கணித்த இடத்துக்கே நகர்ந்தது. லாக்டோஸே இல்லாத இடத்தில் வளர்ந்தவை அதைச் செய்யும் திறனை இழந்தன. இந்தச் செலவு புரதத்தைக் கட்டுவதில் விளைகிறதா, பெர்மியேஸின் செயல்பாட்டில் விளைகிறதா என்பதில் பிற்கால ஆய்வுகள் மாறுபடுகின்றன. அந்தச் சர்ச்சை எப்படி முடிந்தாலும் செலவு உண்டு என்பதும், அது சில நூறு தலைமுறைகளிலேயே கட்டுப்பாட்டைத் திருத்தி எழுதிவிடும் என்பதும் மாறப்போவதில்லை.

குளுக்கோஸுக்கு ஏன் முதலிடம் என்பதற்கு நீண்ட காலம் ஒரே விளக்கம் சொல்லப்பட்டது: குளுக்கோஸ் இருந்தால் சுழல் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு குறைகிறது, அதன் துணையில்லாமல் லாக்டோஸ் மரபணுக்கள் வேகம் பிடிக்காது. இது பாதி உண்மை. 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்தபோது, குளுக்கோஸில் வளரும் செல்லிலும் லாக்டோஸில் வளரும் செல்லிலும் அந்த மூலக்கூறின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. முக்கியமான தடை வாசலில் இருந்தது. குளுக்கோஸை உள்ளே கடத்தும்போதே அந்தக் கடத்தல் அமைப்பின் ஒரு புரதம் பெர்மியேஸில் ஒட்டிக்கொண்டு லாக்டோஸை உள்ளே விடாமல் மறிக்கிறது. சைகையே உள்ளே வராதபோது அடக்கி விலகும் பேச்சுக்கே இடமில்லை. பாக்டீரியா இரண்டு சர்க்கரைகளையும் ஒப்பிட்டுத் தேர்வதாக நாம் சொல்வது வசதிக்காகத்தான். அந்த ஒப்பீடு மூதாதையரிடம் முடிந்துபோய், இரண்டு புரதங்களின் ஒட்டுறவாக எழுதப்பட்டிருக்கிறது.

இதுவரை சொன்னது ஒரே செல்லின் கதை. குடுவையில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. அவையெல்லாம் ஒன்றுபோல நடக்கின்றனவா? 1957-இலேயே ஆரன் நோவிக்கும் மில்டன் வைனரும் இல்லை என்று காட்டிவிட்டார்கள். தூண்டியை மிகக் குறைவாகக் கொடுத்தால் எல்லாச் செல்களும் கொஞ்சம் கொஞ்சம் நொதி செய்வதில்லை. சில செல்கள் முழுவதுமாகத் திறந்தன, மற்றவை மூடியே கிடந்தன. ஒரே மரபணுத் தொகுதி, ஒரே குடுவை, ஒரே செறிவு. ஒருமுறை திறந்த செல்லின் வழித்தோன்றல்கள் அதே குறைந்த செறிவில் பல தலைமுறைகள் திறந்தே இருந்தன. பெர்மியேஸ் தூண்டியை உள்ளே கொண்டுவர, தூண்டி மேலும் பெர்மியேஸைச் செய்யவைக்கும் சுழற்சிதான் காரணம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2008-இல், ஹார்வர்டில் சன்னி ஷீயின் குழு அந்த முதல் தள்ளல் எங்கிருந்து வருகிறது என்பதை ஒற்றைச் செல்லில் பார்த்தது. அடக்கி டிஎன்ஏவில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைப் பிடித்து இடைப்பகுதியை வளையமாக மடித்து வைக்கிறது. ஒரு பிடி நழுவினால் ஓரிரு புரதங்கள் கசிகின்றன. இரண்டு பிடியும் ஒருசேர நழுவுவது அரிது. நழுவினால் பெர்மியேஸ் வெள்ளமாகப் பெருகிச் செல் நிலை மாறுகிறது. ஒற்றை மூலக்கூறின் தற்செயலான நழுவல் ஒரு செல்லின் வாழ்வுப் போக்கைத் தீர்மானிக்கிறது.

தற்செயலை எப்படிக் கணக்கு என்று சொல்வது என்ற மறுப்பு இங்கே எழும். அதில் நியாயம் இருக்கிறது. மிகச் சில மூலக்கூறுகளைக் கொண்டு இயங்கும் எந்த அமைப்பிலும் ஏற்றத்தாழ்வு தவிர்க்க முடியாதது. லாக்டோஸ் ஓபரானில் தெரியும் சிதறல் முழுவதும் பயன் கருதித் தேர்வானது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை; அப்படிச் சொல்ல நானும் துணியமாட்டேன். ஆனால் சிதறலின் அளவு எவ்வளவு என்பது மரபணுக்களின் அமைப்பைப் பொறுத்தது: அடக்கி எத்தனை பிரதி, பிடிமானம் எவ்வளவு இறுக்கம், வளையம் உண்டா இல்லையா. இவையெல்லாம் பிறழ்வால் மாறக்கூடியவை. மாறக்கூடியதும் வளர்ச்சியைப் பாதிப்பதுமான எதுவும் இயற்கைத் தேர்வின் கைக்கு எட்டும். நாளை என்ன வரும் என்று தெரியாத இடத்தில் குடும்பத்தில் ஒரு பகுதி மட்டும் புதிய உணவுக்குத் தயாராவது அந்தப் பரம்பரைக்குச் சில சூழல்களில் லாபம். தயிரில் வாழும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் ஒரு சர்க்கரையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது ஒரு பகுதிச் செல்களே மாறுகின்றன, மற்றவை வளராமல் நின்றுவிடுகின்றன என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. குடுவை மொத்தத்தையும் அளந்தால் எல்லாச் செல்களும் சேர்ந்து தாமதிப்பதாகவே தெரியும். ஒவ்வொரு செல்லாகப் பார்த்தால்தான் அந்தத் தாமதம் இருவேறு தரப்புகளின் கூட்டல் என்பது புலப்படும்.

முன்னோரின் சூழல் கணக்காக மாறுகிறது என்பதற்கு மேலும் நேரடியான சான்று இருக்கிறது. பாலூட்டியின் குடல் வழியாகப் போகும் எஷரிக்கியா கோலை முதலில் லாக்டோஸைச் சந்திக்கிறது. சற்றுத் தள்ளி மால்டோஸைச் சந்திக்கிறது. லாக்டோஸைக் கொடுத்தபோதே பாக்டீரியா மால்டோஸுக்கான மரபணுக்களையும் ஓரளவு திறந்துவிடுகிறது, மால்டோஸைக் கொடுத்தால் லாக்டோஸ் மரபணுக்கள் அசைவதில்லை என்று 2009-இல் அமீர் மிட்செலும் யிட்சாக் பில்பெலும் சகாக்களும் காட்டினார்கள். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை வரும் என்று நம் ஊர்களில் சொல்வதைப் போல, ஒன்று மற்றொன்றின் முன்னறிகுறியாகிறது. இது பின்னோக்கிப் புனையப்பட்ட கதை, எந்தத் தொடர்புக்கும் இப்படி ஒரு காரணம் கற்பிக்கலாம் என்று மறுக்கலாம். அந்த மறுப்பை அவர்களே சோதனையாக்கினார்கள். லாக்டோஸுக்குப் பின் மால்டோஸ் வரவே வராத ஊடகத்தில் பாக்டீரியாவைப் பல நூறு தலைமுறைகள் வளர்த்தார்கள். முன்னறிகுறிக்குப் பொருளில்லாமல் போனதும் அந்த எதிர்வினை மறைந்துபோனது. இரண்டு மரபணுத் தொகுதிகளும் வேதியியல் கட்டாயத்தால் மட்டுமே பிணைந்திருந்தால் இவ்வளவு எளிதாக அறுபட்டிருக்காது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. எஷரிக்கியா கோலை பெரும்பாலும் வாழ்வது பெருங்குடலில். பால்குடி மறந்த பாலூட்டிகளில் அங்கே லாக்டோஸ் போய்ச்சேர்வது அபூர்வம். அப்படியானால் நாம் இத்தனை காலம் புகழும் இந்த ஓபரான் உண்மையில் எதற்காக? தாவர உணவின் சவ்வுக் கொழுப்புகள் செரிக்கும்போது உருவாகும் கேலக்டோசில் கிளிசரால்தான் அதன் இயல்பான இலக்கு, லாக்டோஸ் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேர்மம் அடக்கியை நேரடியாகவே விலக்கக்கூடியது என்பது அவர்களுக்குச் சாதகமான சான்று. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். கடந்தகாலச் சூழல் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்வது எளிது. எந்தச் சூழல் என்று படித்தறிவது கடினம், ஆய்வகக் குடுவையை இயற்கை என்று எடுத்துக்கொண்டால் தவறாகவே படிப்போம் என்பதை அது நினைவூட்டுகிறது. ஆனால் அது என் வாதத்தைத் தகர்ப்பதில்லை. அலோலாக்டோஸை அறிகுறியாகக் கொண்ட அமைப்பு வேறொரு பழைய உணவுக்காக எழுதப்பட்டிருந்தால், பாக்டீரியா இன்றைய சூழலுக்கு நேற்றைய விடையைச் சொல்கிறது என்பதே மேலும் உறுதியாகிறது.

கணக்கு, ஊகம், அறிகுறி என்ற சொற்களே பாக்டீரியாவை மனிதனாக்குகின்றன என்று கடைசியாக ஆட்சேபிக்கலாம். பாக்டீரியா எண்ணுவதில்லை, இதில் எனக்கு ஐயமில்லை. எண்ணாமலேயே கணக்கு எப்படிச் சரியாகிறது என்பதைத்தான் ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் நதாலி பாலபனின் குழு 2014-இல் வெளியிட்ட சோதனை காட்டுகிறது. ஆம்பிசிலின் செல்சுவர் கட்டும் வேலையைத் தாக்குகிறது; வளரும் செல்லைக் கொல்லும், உறங்கும் செல்லை ஒன்றும் செய்யாது. ஒரு குழு பாக்டீரியாவுக்கு அவர்கள் தினமும் மூன்று மணி நேரம் ஆம்பிசிலின் கொடுத்தார்கள். இன்னொன்றுக்கு ஐந்து மணி நேரம். மற்றொன்றுக்கு எட்டு மணி நேரம். பிறகு மருந்தைக் கழுவி, பிழைத்தவற்றைப் புது ஊடகத்தில் வளரவிட்டார்கள். ஏறத்தாழ பத்து சுற்றுகளிலேயே மூன்று குழுக்களும் மருந்தைத் தாங்கின. மருந்தை அழிக்கவும் இல்லை, வெளியேற்றவும் இல்லை. புது ஊடகத்தில் விழுந்தபின் உறக்கத்திலிருந்து எழும் நேரத்தைத் தள்ளிப்போட்டன. மூன்று மணி நேரம் மருந்து கண்டவை ஏறத்தாழ அந்த அளவுக்கும், எட்டு மணி நேரம் கண்டவை ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்கும் தாமதித்தன. அதற்கு முன்பே எழுந்தால் சாவு. அதற்குப் பின்னும் உறங்கினால் வளர்ச்சி இழப்பு. எந்தச் செல்லும் கடிகாரம் பார்க்கவில்லை. சரியான நேரத்தில் எழுந்தவற்றின் வழித்தோன்றல்களே எஞ்சின. மருந்துக்காலத்தின் அளவு அவற்றின் ஒழுங்குமுறையில் பதிவாகிவிட்டது.

மருத்துவமனை ஆய்வகங்கள் ஒரு பாக்டீரியா மருந்துக்குக் கட்டுப்படுமா என்று அறிய, எவ்வளவு மருந்து இருந்தால் அது வளராது என்பதைப் பார்க்கின்றன. அந்தக் குறைந்தபட்ச அளவு மேற்சொன்ன மூன்று குழுக்களிலும் மாறவே இல்லை. அவற்றை வழக்கமான சோதனைக்கு அனுப்பினால், ஆம்பிசிலினுக்குக் கட்டுப்படும் என்றே அறிக்கை வரும். மருந்தைத் தாங்கும் திறனை எதிர்ப்புத் திறனிலிருந்து பிரித்தறியும் சோதனை, செல்கள் எழ எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளக்கும் சோதனை, ஆராய்ச்சிக் கூடங்களில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் தொற்றுகளைக் கையாளும் மருத்துவமனைகளின் அன்றாட ஆய்வகத்துக்கு அது வந்துசேர வேண்டும்.